கதை எங்கே நிற்கிறது? சப்மிஷன் கிரைண்டரில் ஒரு வருடம்

அறிவியல் புனைகதை, மாயப் புனைவு, திகில் என்று ஆங்கிலத்தில் சிறுகதை எழுதி வெளிநாட்டு இதழ்களுக்கு அனுப்புகிறவர்களுக்காக ‘சப்மிஷன் கிரைண்டர்’ என்றொரு இணையச் சேவை இருக்கிறது. காசு கிடையாது. எந்த இதழ் இப்போது கதை வாங்குகிறது, எத்தனை சொற்கள் வரை வாங்குகிறது, சொல்லுக்கு எத்தனை சென்ட் தருகிறது, பதில் வர எத்தனை நாளாகும், எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். எந்தக் கதையை எங்கே எப்போது அனுப்பினோம் என்று குறித்து வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. போன வருடம் முழுக்க என் கதைகளை இதைப் பார்த்துத்தான் அனுப்பினேன். சில வெளிவந்தன, பல திரும்பி வந்தன. சென்னைக்கு வெளியே உட்கார்ந்து இப்படி எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்கள் அடிக்கடி விசாரிக்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது வேலூர் சத்துவாச்சாரி. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதி ஆவணப் பிரிவில் வேலை. இந்த ஊரில் ஆங்கிலம் படிக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. சி.எம்.சி. இருக்கிறது, வி.ஐ.டி. இருக்கிறது. ஆனால், “இந்த இதழுக்கு அனுப்பினால் எப்போது பதில் வரும்? திருப்பி அனுப்பினால் காரணம் சொல்வார்களா?” என்று கேட்க எனக்குத் தெரிந்து இங்கே ஒருவர்கூட இல்லை. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ எழுதுகிறவர்களுக்குப் பட்டறை, மாநாடு, எழுத்தாளர் குழு என்று எதிலாவது இந்த விவரமெல்லாம் காதில் விழுந்துவிடும். நமக்கு யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு. கிரைண்டர் செய்வது அதைத்தான்.

இது வந்த கதையையும் சொல்லியாக வேண்டும். முன்பு இந்த வேலைக்கு டியோட்ரோப் என்ற தளம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. 2013 ஜனவரியில் அது கட்டணச் சேவையாக மாறியது. மாதம் 5 டாலர், வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 50 டாலர். அங்கே சம்பளம் வாங்குகிறவருக்கு அது பெரிய தொகை இல்லாமல் இருக்கலாம். இங்கே, இன்னும் ஒரு கதைகூட விற்காத ஒருவர் எடுத்த எடுப்பிலேயே நாலாயிரம் ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும் என்றால் கை வராது. அதே 2013-இல் டேவிட் ஸ்டெஃபன் என்ற அமெரிக்க எழுத்தாளர் தன்னுடைய டயபாலிக்கல் பிளாட்ஸ் தளத்தின் சார்பில் கிரைண்டரைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இலவசம்தான், நன்கொடையில் ஓடுகிறது. செய்தவரும் கதை அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. எழுதுகிறவனுக்கு எது தெரிய வேண்டுமோ அது கண்ணெதிரே இருக்கிறது.

உதாரணத்துக்கு நம் பக்கத்துக் கதை ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறதல்லவா, 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதை அங்கே கண்காணித்துக்கொண்டிருந்தார்கள். கோள் வந்து மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி ஒரு கணம் குறைந்து மீண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகத்துக்குத் தெரியவந்த இரவு அது. அமெரிக்கக் குழு ஒன்று விமானத்தில் பறந்தபடி பதிவு செய்த அந்த ஒளிக் குறைவு, காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் பதிவானது. என் கதையில், அந்த இரவின் பதிவுத்தாளில் எந்த வளையத்தோடும் பொருந்தாத இன்னொரு குறைவும் இருக்கிறது. அதை முதலில் கவனிப்பவர் குவிமாடத்தைத் திறந்து மூடுகிற ஆலங்காயத்துக்காரர். கதை 4,800 சொற்கள் வந்தது.

கிரைண்டரில் முதலில் கதையின் பெயரையும் வகையையும் சொல் எண்ணிக்கையையும் பதிய வேண்டும். கதையை ஏற்றத் தேவையில்லை. யாராவது திருடிவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்: இந்த விவரங்களைத் தவிர அங்கே எதுவும் போவதில்லை. அப்புறம் தேடல். அறிவியல் புனைகதை, 4,800 சொற்கள், இந்தத் தொகைக்குக் குறையாமல் தர வேண்டும், இப்போது திறந்திருக்க வேண்டும் என்று கேட்டால் பொருந்துகிற இதழ்கள் வரிசையாக வந்து நிற்கும். அமெரிக்காவின் அறிவியல் புனைகதை, மாயப் புனைவு எழுத்தாளர் சங்கம் 2019-லிருந்து சொல்லுக்கு 8 சென்ட் என்பதைத் தொழில்முறைச் சன்மானத்தின் கீழ் எல்லையாக வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 4,800 சொற்களுக்கு 384 டாலர். சிறுகதைக்குத் தமிழில் கிடைக்கிற தொகையோடு இதை ஒப்பிட எனக்கு விருப்பமில்லை, ஆனால் தொகையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு அனுப்பலாம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பது சாதாரண விஷயம் போலத் தெரியும், அப்படி இல்லை. பல இதழ்கள் வருடத்தில் சில வாரங்கள்தான் கதை வாங்கும். சில இதழ்கள் திடீரென்று மூடும். 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் இதழுக்கு, கணினியே எழுதித் தள்ளிய கதைகள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. ஆசிரியர் நீல் கிளார்க் கதை வாங்குவதையே நிறுத்திவைத்தார், அடுத்த மாதம்தான் மறுபடி திறந்தார். இந்த மாதிரிச் சமயத்தில் தளத்தில் பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும். இன்னொரு விஷயம், ஒன்றாம் தேதி திறக்கிறது என்றால் பெரும்பாலும் அது அவர்கள் ஊர் ஒன்றாம் தேதி. அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவு ஆகும்போது நமக்குக் காலை ஒன்பதரை, அவர்களுடைய குளிர்காலத்தில் பத்தரை. நான் அந்த நேரத்தில் ஆபீசில் இருப்பேன், அதனால் முந்தின இரவே கோப்பைத் தயார் செய்து செல்போனில் வைத்துக்கொண்டுவிடுவேன்.

கதையை அனுப்புவது அரை மணி நேர வேலை. மிச்சமெல்லாம் காத்திருப்பு. இந்தத் துறையின் முக்கியமான இதழ்கள் பல, ஒரே கதையை இன்னொரு இதழுக்கும் சேர்த்து அனுப்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கின்றன. ஒரு இடத்தில் கொடுத்துவிட்டால் பதில் வரும்வரை அந்தக் கதை நம் கையில் இல்லை. நாலு நாளில் பதில் சொல்கிற இதழும் இருக்கிறது, ஆறு மாதம் எடுக்கிற இதழும் இருக்கிறது. வரிசை மாற்றி அனுப்பினால் ஒரு நல்ல கதை ஒரு வருடத்தில் இரண்டே இதழ்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும். அதனால் எதற்கு முதலில் அனுப்புவது என்பதுதான் எழுதி முடித்த பிறகு எடுக்கிற பெரிய முடிவு. அந்த முடிவுக்குக் கிரைண்டரின் வரைபடம் மாதிரி உதவுகிற எதையும் நான் பார்த்ததில்லை. அனுப்பியவர்கள் தாங்களே பதிந்த தகவலை வைத்து, எத்தனையாவது நாளில் எத்தனை பேருக்கு மறுப்பு வந்தது, எத்தனையாவது நாளில் ஏற்பு வந்தது என்று படம் போட்டுக் காட்டுகிறது. சில இதழ்களில் மறுப்பெல்லாம் முதல் பத்து நாளில் முடிந்துவிடும், ஏற்பு எப்போதும் அதற்கு ரொம்பவும் தள்ளித்தான் வரும். அந்த இதழில் இருபது நாள் தாண்டிவிட்டால் நம் கதையை இரண்டாவது ஆளும் படிக்கிறார் என்று நம்ப இடமிருக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது இதழ்வாரியாக வரும் பதில் பட்டியல். நாம் அனுப்பிய இதழுக்குச் சமீபத்தில் யாருக்கெல்லாம் பதில் போயிருக்கிறது, யாரெல்லாம் இன்னும் காத்திருக்கிறார்கள், அந்த வரிசையில் நாம் எங்கே என்று தெரியும். பெயர்கள் இருக்காது, நாட்கள் மட்டும்தான். கப்பலேறிய கன்டெய்னர் கொழும்பில் இறங்கியதா, அடுத்த கப்பல் பிடித்ததா என்று தினமும் கணினியில் பார்க்கிற வேலை எனக்கு, அதே கண்ணோடுதான் இதையும் பார்ப்பேன். காவலூர்க் கதை ஒரு இதழில் இருந்தபோது, எனக்குப் பின்னால் அனுப்பியவர்களுக்கெல்லாம் மறுப்பு வந்துகொண்டே இருந்தது. என் வரி மட்டும் அசையவில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அதைத் திறந்து பார்ப்பேன். மேலே வெள்ளம் மாதிரி மறுப்புகள், நடுவில் என்னுடையது, கீழே இரண்டு மூன்று பேர். முகம் தெரியாத அந்த இரண்டு மூன்று பேர் மேல் எனக்கு உண்மையான பாசம் வந்துவிட்டது. ஒருநாள் அவர்களில் ஒருவருக்கு ஏற்பு வந்தது என்று பதிவாகியிருந்தது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “உங்களுக்கு வரலையேங்க, அதுக்கா இவ்ளோ சந்தோஷம்?” என்றாள். அடுத்த வாரம் எனக்கும் வந்தது.

எல்லாக் கதைக்கும் அப்படி நடக்கவில்லை. பாலாற்றை வைத்து ஒன்று எழுதினேன். தோல் தொழிற்சாலைக் கழிவு சம்பந்தமாக வேலூர் மக்கள் நல அமைப்பு தொடர்ந்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது, சூழல் வழக்குகளில் இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிற தீர்ப்பு அது. என் கதை நூறு வருடம் தள்ளி நடக்கிறது. வறண்ட ஆற்றின் அடியில் ஊறிக் கிடக்கும் குரோமியத்தை மேய்ந்து வாழும் ஒரு உயிர், தனக்கும் வாழும் உரிமை உண்டு என்று அதே தீர்ப்பைக் காட்டி மனுப் போடுகிறது. தோல் தொழிலில் சோறு தின்கிறவன் என்பதால் அந்தக் கதையை எழுதும்போது கை நடுங்கியது, இன்னமும் நான் எழுதியதில் அதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன். திரும்பத் திரும்ப மறுப்பு வந்தது. இங்கேதான் கிரைண்டரில் உள்ள ஒரு சின்ன ஏற்பாடு உதவியது. மறுப்பைப் பதியும்போது பொதுவான அச்சுக் கடிதமா, நமக்கென்று தனியாக எழுதியதா என்று கேட்கும். மற்றவர்களும் அப்படியே பதிவதால், எந்த இதழ் தனிக் கடிதம் எழுதும், எது எழுதவே எழுதாது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அச்சுக் கடிதமே அனுப்புகிற ஒரு இதழிலிருந்து எனக்கென்று தனியாக இரண்டு வரி வந்தது. நீதிமன்றக் காட்சி நீளம், அந்த உயிர் பேசுகிற இடம் அருமை என்று எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு வரியின் மதிப்பு எனக்குப் புரிந்ததே புள்ளிவிவரத்தால்தான். நீதிமன்றத்தைப் பாதியாக வெட்டினேன். வெட்டிய வடிவம் ஒரு சின்ன இதழில் வந்தது. பணம் கொஞ்சம்தான், ஆனால் வாசித்தவர்கள் எழுதிய கடிதங்கள் வேறு எந்தக் கதைக்கும் வரவில்லை.

குறைகளும் இருக்கின்றன. தளம் பார்க்கப் பழைய காலத்துத் தளம். கட்டம் கட்டமாக விவரம், சின்ன எழுத்து, செல்போனில் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். தனிச் செயலி கிடையாது. இதைவிட முக்கியமானது, புள்ளிவிவரம் முழுக்க எழுத்தாளர்கள் தாங்களாகப் பதிவது. கதை அனுப்புகிற எல்லோரும் பதிவதில்லை. ஏற்பு வந்தவர் சந்தோஷத்தில் உடனே பதிவார், மறுப்பு வந்தவர் மறந்துவிடுவார். அதனால் அங்கே காட்டுகிற ஏற்பு விகிதத்தை அப்படியே நம்பக் கூடாது, உண்மை விகிதம் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பதில் வரும் நாட்களை நம்பலாம், விகிதத்தை ஒரு ஜாடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, இதழின் விதிமுறையை அந்த இதழின் பக்கத்துக்கே போய்ப் படிக்க வேண்டும். கிரைண்டர் வழிகாட்டும், அங்கே இருப்பதே கடைசி வார்த்தை இல்லை.

நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கதையை முகநூலில் போட்டு நண்பர்களிடம் கருத்துக் கேட்பது நம்மிடம் வழக்கம். பெரும்பாலான வெளிநாட்டு இதழ்கள் அதையும் வெளியீடாகவே எடுத்துக்கொள்ளும். முதல் வெளியீட்டு உரிமை போய்விட்டது என்று வாங்க மாட்டார்கள். கருத்து வேண்டுமென்றால் மின்னஞ்சலில் அனுப்பிக் கேளுங்கள்.

பணம் வரும் வழி பற்றியும் கேட்கிறார்கள். அநேகமாக பேபால். பான் எண்ணும் வங்கிக் கணக்கும் கொடுத்து, எதற்காக வரும் பணம் என்ற நோக்கக் குறியீட்டையும் தேர்ந்தெடுத்துவிட்டால் ரூபாயாகக் கணக்குக்கு வந்துவிடும். கட்டணமும் மாற்று விகிதமும் போகக் கொஞ்சம் குறையும். ஒரு இதழ் மட்டும் நேராக வங்கிக்கு அனுப்பியது. கிளைக்கு வரச் சொன்னார்கள்.

“சார், நீங்க எக்ஸ்போர்ட் கம்பெனியில இருக்கீங்க, ஆனா இது உங்க சொந்தக் கணக்குல வந்திருக்கே. என்னன்னு போடறது?”

“கதை எழுதினதுக்கு சன்மானம், மேடம்.”

“கதைக்கா? டாலர்லயா?”

ஏற்புக் கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் அச்செடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா முத்திரை குத்துவதற்கு முன்னால் ஒப்பந்தத்தில் இருந்த கதைத் தலைப்பை இரண்டு தரம் படித்தார். காவலூர்னா நம்ம காவலூரா என்று கேட்டார். ஆமாம் என்றதும், சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அழைத்துப் போனதையும், சனிக்கோள் பார்த்ததையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

தமிழைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. நான் தமிழிலும் எழுதுகிறேன். 2018-லிருந்து ‘அரூ’ மாதிரி கனவுருப்புனைவுக்கென்றே ஒரு இணைய இதழ் நமக்கு இருக்கிறது, அறிவியல் சிறுகதைப் போட்டிகள் நடத்தியிருக்கிறார்கள், நம் மொழியில் இந்த வகை எழுத்து வளர்வதற்கு அது செய்தது கொஞ்சமில்லை. ஆனால் பொதுவாகத் தமிழ் இதழ்களுக்குக் கதை அனுப்பினால் என்ன ஆகிறது என்று வெளியே தெரிவதே இல்லை. போதிய தபால்தலை ஒட்டிய சுயமுகவரியிட்ட உறை என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்திலாவது கதை திரும்பி வந்து சேரும். மின்னஞ்சல் வந்த பிறகு அதுவும் இல்லை. ஒரு இதழுக்கு நான் அனுப்பிய கதைக்கு வருடம் தாண்டியும் பதில் இல்லை. நினைவூட்டி எழுதிய கடிதத்துக்கும் இல்லை. வேறு இடத்தில் கொடுத்துவிடலாமா கூடாதா என்று தெரியாமல் அந்தக் கதை அப்படியே கிடந்தது. அது அந்த இதழ்காரர்களின் கெட்ட எண்ணம் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு மூன்று பேர் சொந்தக் காசில், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் நடத்துகிறார்கள். ஆனால், ஒரு இதழ் பதில் சொல்ல எட்டு மாதம் எடுக்கும் என்பது மட்டும் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் எட்டு மாதம் நிம்மதியாகக் காத்திருப்பேன். நான் தேடியவரை கிரைண்டரில் தமிழ் இதழ் எதுவும் கண்ணில் படவில்லை. அவர்களிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை, அது நாம் செய்ய வேண்டிய வேலை.

பெரிய மென்பொருளெல்லாம் முதலில் வேண்டாம். எல்லோரும் திறந்து பார்க்கிற ஒரு கூகுள் விரிதாள் போதும். இதழின் பெயர், எத்தனை சொற்கள் வரை, சன்மானம் உண்டா, அனுப்பிய தேதி, பதில் வந்த தேதி, என்ன பதில். அனுப்பியவர் பெயர் வேண்டாம், கதைத் தலைப்பும் வேண்டாம். ஐம்பது பேர் ஒரு வருடம் ஒழுங்காகப் பதிந்தால் எந்த இதழ் எப்படி என்று ஓரளவு தெரிந்துவிடும். ஆசிரியர்களுக்கும் நல்லதுதான், எப்போது பதில் வரும் என்று விசாரித்து வரும் கடிதங்கள் பாதியாகக் குறையும். யாராவது ஆரம்பித்தால், தமிழ் இதழ்களுக்கு நான் அனுப்பிய கதைகளின் தேதி விவரம் அத்தனையும் நோட்டில் இருக்கிறது, முதல் வரிகளை நானே நிரப்பித் தருகிறேன்.